விதிவசமாக ஆற்றங்கரை

ஆன்லினுக்கு முதல் ஆண்டு பாலைவனம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டும் பாலைவனம்தான், கூடவே ஓர் எரிமலை. இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி, பாதி ஆட்டத்திலேயே நாட்டைப் பறிகொடுத்துவிட்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனாள். மூன்றாம் ஆண்டு போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது நிறைய நான்கு மாதம் பாக்கி இருந்தது.

அந்த நான்கு மாதம் முக்கியம். கடற்கரையில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் துறைமுகத்தில் சரக்குத் திட்டப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். எந்தக் கப்பலை எங்கே கட்டுவது, எந்தப் பெட்டியை முதலில் இறக்குவது, எந்த லாரியை எப்போது உள்ளே விடுவது என்று யோசிக்கிற வேலை. இருபத்தாறு வயதுக்குள் இருக்க வேண்டும். பட்டம் வேண்டும், பட்டம் இல்லாதவர்கள் வட்டார அளவில் வியூக விளையாட்டில் முதலிடம் பெற்றதற்கு எழுத்துமூலமான ஆதாரம் காட்டலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. ஆன்லின் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றவள். அவளுடைய அப்பா படகில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம் அது. அதற்குப் பிறகு திசையன்விளைக்குத் தெற்கே இருக்கிற தன் கடற்கரை ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் மதார் பாய் நடத்தும் இணையச் சேவைக் கடையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை என்று ஊரார் கொண்டுவரும் தலைவலிகளையெல்லாம் படிவத்தில் நிரப்பி அனுப்புவாள். ஆள் வராத நேரத்தில் அதே கணினியில் 'மண்மகுடம்' ஆடுவாள்.

மண்மகுடம் எளிய ஆட்டம். எட்டுப் பேர் ஆடலாம். ஒவ்வொருவருக்கும் ஏழு குடியானவர்களையும் ஒரு கட்டுமரத்தையும் கொடுத்து, ஏதோ ஒரு நிலத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் கணினி. அங்கே குடிசை போட்டு, பயிர் வைத்து, ஊர் கட்டி, வணிகம் செய்ய வேண்டும். நூற்றைம்பது முறை நகர்த்தி முடித்ததும் யாருடைய நாட்டுக்குப் புள்ளி அதிகமோ அவர் வென்றவர். எல்லாம் சரிதான். இறக்கிவிடுகிற இடம்தான் வம்பு. ஒருத்தனுக்கு ஆற்றங்கரையும் தேக்கங்காடும் வாய்க்கும். இன்னொருத்தி கண் திறந்து பார்த்தால் சுற்றிலும் மணல்.

இந்த விளையாட்டை வட்டாரத்தில் நிர்வகிக்கும் பொறுப்பை 'நெல்லை வட்டார வியூக மின்விளையாட்டுக் கழகம்' தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. கழகத்தின் தலைவர் சங்கிலிபூதத்தான், பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் ஒரு மின்விளையாட்டும் ஆடியதில்லை. நடுநிலைக்கு அதுவே சான்று என்று மேடைதோறும் சொல்வார். செயலாளர் இசக்கிராஜா, தலைவர் தும்முவதற்கு முன்பே கைக்குட்டையை நீட்டுகிற வகை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டி தொடங்கியது. முப்பத்திரண்டு பேர், நான்கு மேசை. மேசைக்கு முதல் நான்கு பேர் அடுத்த ஞாயிற்றுக்குப் போவார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொறுப்பாளர்கள் பதினோரு பேரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். முதன்மைக் கணினிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். மாலையின் ஈரம் உள்ளே இறங்கி அது அணைந்துபோக, அரைமணி நேரம் துடைத்தார்கள். பிறகு பட்டுத்துணி சுற்றிய வெண்கலக் குடம் வந்தது. கணினி தானாகவே இடம் குலுக்கிக் கொடுக்கும் என்றாலும் கழகத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. எட்டு இடங்களையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, செயலாளர் கையாலேயே எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம்.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டினார்.

"அன்பர்களே! சமத்துவம்னா என்ன? எல்லாருக்கும் ஒண்ணுபோலக் கொடுக்கிறதா? அது ரேஷன் கடை. என்ன கிடைக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாம இருக்கிறதுதான் சமத்துவம். அதைத்தான் இந்தக் குடம் பன்னிரண்டு வருஷமா செய்யுது. யாருக்கு எந்த இடம்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. செயலாளருக்கு ஓரளவு தெரியும். ஆனா அவர் ஒழுக்கமானவர், வெளியே சொல்ல மாட்டார்!"

கைதட்டல் எழுந்தது. செயலாளர் அடக்கமாகத் தலை குனிந்தார்.

ஆன்லினுக்குச் சீட்டு வந்தது. பாலைவனம்.

அவளுக்கு எதிர்நாற்காலியில் பேச்சிராஜ் உட்கார்ந்திருந்தான். தலைவருடைய தங்கச்சி மகன். அவனுக்கு முதல் சீட்டில் மலைச்சரிவு வந்தது. சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். உடனே செயலாளர் அதை வாங்கிக் குடத்தில் போட்டு மறுபடி குலுக்கினார். சதுப்பு நிலம். மறுபடி. புல்வெளி. பேச்சிராஜ், "மரம் கம்மியா இருக்கும்லா?" என்றான். மறுபடி. இப்படியே போய், செயலாளர் கம்பீரமாக அறிவித்தார்: "ஒன்பதாவது குலுக்கலில், விதிவசமாக, ஆற்றங்கரை!"

ஆன்லின் எழுந்து நின்றாள். "சார், எனக்கும் ஒரு தடவ மாத்திக் குலுக்குங்க சார்."

"நீங்க எந்தச் சங்கம்?"

"சங்கம்லாம் இல்ல சார். நான் தனியாத்தான் வந்திருக்கேன்."

"அப்போ முடியாதும்மா. இணைப்புச் சங்க உறுப்பினர்களுக்கு மனநிறைவு வாரவரைக்கும் மறுகுலுக்கல் உண்டு. பதினாலாவது விதி. தனியா வாரவங்களுக்கு முதல் குலுக்கல்லயே மனநிறைவு வந்துட்டதா எடுத்துக்கிடுவோம்."

"எனக்கு வரலியே சார்."

"வந்துட்டதா எடுத்துக்கிடுவோம்" என்றார் செயலாளர் இன்னும் கனிவாக.

இணைப்புச் சங்கங்கள் மொத்தம் மூன்று. மூன்றுக்கும் விலாசம் தலைவர் வீடுதான். ஒன்று மாடி, ஒன்று கீழ்த்தளம், ஒன்று கார் நிறுத்துகிற கொட்டகை.

ஆன்லின் அன்றைக்குப் பாலைவனத்தில் உப்பளம் தோண்டினாள். மற்ற ஏழு பேரும் உப்புக்கு அலைந்தபோது விற்றாள். நான்காவதாக வந்து அடுத்த சுற்றுக்குள் நுழைந்தாள். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்ததும் மதார் பாயிடம் கொட்டித் தீர்த்தாள்.

பாய் ஒரு விண்ணப்பத்துக்குப் பிசின் தடவிக்கொண்டே கேட்டார். "ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்க. உனக்கு ஒண்ணு எழுதிக்கிட்டா என்ன பிள்ள?"

கழகத்தில் அதற்கும் படிவம் இருந்தது. 'தொடக்க இட ஆட்சேபணை மனு'. ஏற்கப்பட்டால் அடுத்த ஆட்டத்தில் ஒரு மறுகுலுக்கல் கிடைக்கும். ஆறு பக்கம். மனுதாரர் பெயர், தகப்பனார் பெயர், பாலைவனத்தின் நான்கு எல்லைகள், பாலைவனம் பாலைவனம்தான் என்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட நபரின் சான்று. ஆன்லின் அத்தனையும் நிரப்பினாள். சான்றுக்குத் தன் எதிரிநாட்டுக்காரரான ஆழ்வார்குறிச்சி வாத்தியார் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினாள். அவருடைய படை அந்த மணலில் தண்ணீரில்லாமல் செத்திருந்ததால் அவர் மகிழ்ச்சியோடு போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கள ஆய்வுக் குழு வந்து பாலைவனத்தைப் பார்வையிடும் என்று கடிதம் வந்தது. ஒரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆட்டத்தின் சேமிப்பைத் திறந்து திரையில் காட்டினாள். ஒருவர் பையிலிருந்து நாடா எடுத்துத் திரையை நீளவாக்கில் அளந்தார். இன்னொருவர் பேனாவைத் திறந்தார்.

"இந்த இடத்துக்கு எப்ப குடி வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை சார். முதல் முறையில."

"அதுக்கு முன்னால யார் அனுபவத்துல இருந்தது?"

"ஆரும் இல்ல சார். கம்ப்யூட்டர் அப்பத்தான் செஞ்சுது."

"புறம்போக்குன்னு எழுதுங்க" என்றார் அவர் மற்றவரிடம். "வடக்கே என்ன?"

"மணல்."

"தெற்கே?"

"மணல் சார். நாலு பக்கமும் மணல்தான்."

மூன்றாமவர் மூக்கைத் திரையோடு ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். ரோஸ்மில்க் வந்தது, குடித்தார்கள். வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. மதார் பாய் அதைச் சத்தமாக வாசித்தார்.

"'மேற்படி இடத்தில் மணல் இருப்பது உண்மையே. ஆயினும் அது பாலைவன மணலா, ஆற்று மணலா என்பது தெளிவாகவில்லை. மணலின் நிறத்தையும் தரத்தையும் பார்க்கும்போது ஆற்று மணல் என்றே குழு கருதுகிறது. ஆற்று மணல் இருக்குமானால் அருகில் ஆறு இருந்தாக வேண்டும். ஆகவே மனுதாரருக்கு ஏற்கெனவே ஆறு வழங்கப்பட்டுள்ளது. மனு தள்ளுபடி.'"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏ பிள்ள, ஆத்த வச்சுக்கிட்டே இல்லன்னு சொல்லியிருக்கியே!"

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். ஆன்லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு. பதினாறு பேர், இரண்டு மேசை. கணினிக்கு மறுபடி மாலை, பொறுப்பாளர்களுக்கு மறுபடி பொன்னாடை. பேச்சிராஜுக்கு ஏழாவது குலுக்கலில் விதிவசமாக ஆற்றங்கரை. ஆன்லினுக்கு முதல் குலுக்கலிலேயே துருவப் பனி. அவளுடைய ஏழு குடியானவர்களில் இரண்டு பேர் முதல் முறையிலேயே விறைத்துப் போனார்கள். மிச்சம் ஐந்து பேரை வைத்துக் கரடித்தோல் விற்று, எங்கெங்கோ கடன்சொல்லி விறகு வாங்கி, மறுபடியும் நான்காவது இடத்தில் தொங்கிக்கொண்டு கரையேறினாள்.

மறுநாளே மனு போட்டாள். இந்தத் தடவை ஆய்வுக் குழு சால்வை போர்த்திக்கொண்டு வந்தது. அறிக்கை இரண்டு நாளில் கிடைத்தது. பனி என்பது உறைந்த நீரே என்றும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனி இருப்பதால் போட்டியாளர்களிலேயே மிக அதிகமான பாசன வசதி மனுதாரருக்குத்தான் தரப்பட்டுள்ளது என்றும், இவ்வளவு நீரை ஒருவரே வைத்திருப்பது குறித்து மற்றவர்கள் பெருந்தன்மையால் புகார் செய்யவில்லை என்றும் அதில் கண்டிருந்தது. மனுதாரர் நன்றிக் கடிதம் ஒன்று தருவது முறை என்று அடியில் சிறு குறிப்பு.

அன்று அம்மா லூர்து மேரி போனில் கூப்பிட்டாள். கருவாடு காயப்போட்டுவிட்டு வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஏட்டி, சாப்பிட்டியா? என்ன குரலு ஒரு மாதிரி இருக்கு?"

"எம்மா, எனக்கு மட்டும் நல்ல இடமே தர மாட்டேங்காவ. ஒரு தடவ மணலு, ஒரு தடவ பனி."

"எங்கட்டி?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"பொட்டிக்குள்ள இருக்கிற மண்ணுக்கா நீ சண்ட போடுத? அந்த வேலைக்கு வயசு முடியப் போவுதுன்னு அப்பா தெனமும் காலண்டரப் பாத்துட்டு இருக்காவ. இடத்தப் பாக்காத, ஆட்டத்தப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆன்லினுக்குக் கோபம்தான் வந்தது. இடத்தைப் பார்க்காமல் ஆடுகிறவள் அவள் ஒருத்திதானே. மற்றவர்கள் இடத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். இரண்டு மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். கீழ்த்தளச் சங்கத்தின் அலுவலகத்தில் தலைவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பேச்சிராஜுக்கு மட்டும் ஒம்பது தடவ குலுக்குதாவ. எனக்கு ஒரு தடவகூட இல்ல. இது நியாயமா?"

தலைவருக்கு வருத்தமாகிவிட்டது. "உக்காரும்மா. நீ நினைக்கிறது தப்பு. ஒன்பது தடவை குலுக்கினா அதிர்ஷ்டம் ஒன்பது மடங்கு சோதிக்கப்படுது. அந்தப் பையன் ஒன்பது சோதனையைத் தாண்டி வாரான். நீ ஒரே சோதனையோட தப்பிச்சிருதே. யாருக்கு வே சலுகை?" என்று செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்குத்தான்" என்றார் இசக்கிராஜா.

"நாங்க அதைக்கூடப் பொறுத்துக்கிட்டோம்" என்று தலைவர் மோரை முடித்தார்.

மூன்றாம் ஞாயிறு, இறுதி ஆட்டம். எட்டுப் பேர், ஒரே மேசை. பேச்சிராஜுக்குப் பதினொரு குலுக்கல் ஆனது. ஆற்றங்கரை இரண்டாம் குலுக்கலிலேயே வந்துவிட்டாலும், பின்னால் தேக்கங்காடு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். பதினோராவதில், விதிவசமாக, தேக்கங்காட்டோடு சேர்ந்த ஆற்றங்கரை. ஆன்லினுடைய சீட்டை எடுப்பதற்கு முன் செயலாளர் குடத்துக்குள் சற்று நேரம் துழாவினார். எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்.

திரை விரிந்தது. கடல். நடுவே ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு பாறை. ஏழு குடியானவர்களும் நிற்க இடமில்லாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி இருந்தார்கள். மரம் இல்லை, மண் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து "அடப் பாவமே" என்றார்.

ஆன்லின் எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். தள்ளியவள், பாறையைச் சுற்றித் தண்ணீரில் கறுப்பாக ஏதோ அசைவதைக் கண்டாள். மீன். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டாள்.

கட்டுமரத்தை இறக்கினாள். பிடித்த மீனைப் பாறையிலேயே காயவைத்தாள். பத்தாவது முறையில் கருவாட்டைக் கொடுத்து ஒரு நாட்டில் மரம் வாங்கினாள். இருபதாவதில் இரண்டு படகு. முப்பதாவதில் சுற்றிப் பார்த்தபோதுதான் வரைபடத்தின் சங்கதி புரிந்தது. மேற்கே மூன்று நாடு, கிழக்கே நான்கு நாடு. நடுவே குறுகலான கடல்வழி. அந்த வழியின் கழுத்தில் முள்ளைப் போல நின்றது அவளுடைய பாறை. யார் எதை விற்க வேண்டுமென்றாலும் அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

அவள் பாறையில் ஒரு வெளிச்சக் கோபுரம் கட்டினாள். பிறகு ஒரு துறை. எந்தக் கப்பல் முதலில், எது பின்னால், அழுகுகிற சரக்கு எது, காத்திருக்கக்கூடிய சரக்கு எது என்று ஒழுங்கு செய்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. அவளோடு சண்டை போட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. படை அனுப்பினால் அவர்களுடைய நெல்தான் முதலில் தேங்கும். பேச்சிராஜின் ஆற்றங்கரையில் மூன்று போகம் விளைந்தது. களஞ்சியத்துக்கு மேல் களஞ்சியம் கட்டிக் குவித்தான். விற்கத் தெரியாமல் பாதி நெல் எலிக்குப் போனது. நூற்றைம்பதாவது முறை முடிந்தபோது திரையில் பட்டியல் வந்தது. முதல் பெயர் ஆன்லின்.

ஆழ்வார்குறிச்சி வாத்தியார் எழுந்து நின்று கைதட்டினார். ஆன்லின் மேசையில் தலையைச் சாய்த்து முகத்தை மூடிக்கொண்டாள். மேடையில் பதினோரு பொறுப்பாளர்களும் பந்தியில் இலை போட்ட பிறகு சோறு தீர்ந்துபோன வீட்டுக்காரர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவசரக் கூட்டம் பொன்னாடைகள் வைக்கும் அறையில் நடந்தது. முக்கால் மணி நேரம் கழித்துச் செயலாளர் வந்து உத்தரவை வாசித்தார். கடற்கரை ஊரில் பிறந்த ஒருவருக்குக் கடல் வாய்த்தது சொந்த ஊர்ச் சலுகை ஆகும். ஆகவே முடிவு ரத்து.

"அந்தச் சீட்ட நீங்கதானே சார் எடுத்துக் குடுத்தீய?" என்று ஆன்லின் கத்தினாள்.

"அதனாலதான் எங்களுக்கு ரொம்ப வருத்தம்" என்றார் செயலாளர்.

தலைவர் ஒலிவாங்கிக்கு வந்தார். குரல் தழுதழுத்தது. "அன்பர்களே! நாம எங்க தப்பு பண்ணினோம்? ராத்தூக்கம் இல்லாம யோசிக்க வேண்டிய கேள்வி. நான் இப்பவே யோசிச்சுட்டேன். குலுக்கல்ல தப்பு இல்ல. குடத்துல தப்பு இல்ல. குலுக்கி முடிச்ச பிறகு ஆட விட்டோம் பாருங்க, அங்கதான் தப்பு! நாம எவ்வளவு சுத்தமாக் குலுக்கிக் கொடுத்தாலும், ஆட்டக்காரங்க உள்ள புகுந்து, மூளையைப் போட்டு, முடிவையே மாத்திப்புடுதாங்க. இனிமே இந்தக் கழகத்துல அந்த முறைகேட்டுக்கு இடமில்லை. ஆட்டம் ரத்து. குலுக்கல் மட்டும்தான். ஆற்றங்கரை யாருக்கு வருதோ அவர்தான் வெற்றியாளர்!"

அங்கேயே குடத்தைக் கொண்டுவந்தார்கள். நடுநிலை முழுமையாக இருக்கட்டும் என்று, அன்றைக்கு மட்டும் அவரவர் கையாலேயே எடுக்கச் சொன்னார்கள். ஆன்லின் முதலில் எடுத்தாள். பிரித்தாள். ஆற்றங்கரை.

மூன்று வருஷமாக அவள் கண்ணில் படாத சீட்டு. மண்டபத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். இசக்கிராஜா சட்டென்று பேச்சிராஜைப் பார்த்தார். அவன் மனநிறைவு இல்லை என்று கையைத் தூக்கினான். சீட்டுகள் எல்லாம் குடத்துக்குத் திரும்பின. நான்காவது குலுக்கலில், விதிவசமாக, பேச்சிராஜ் வட்டார வெற்றியாளன் ஆனான். மாலை போட்டார்கள், கணினிக்குப் போட்ட அதே மாலை.

ஆன்லின் அழவில்லை. மேடைக்குப் போய், "ரத்து பண்ணின உத்தரவ முத்திரையோட எழுத்துல குடுங்க" என்றாள். எழுத்தில் கேட்டால் கழகத்துக்குக் கொள்ளை மகிழ்ச்சி. தலைவர் தன் பத்திரப் பதிவுத் தமிழையெல்லாம் இறக்கித் தானே சொல்லச்சொல்ல, செயலாளர் எழுதி மூன்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை கடையில் மதார் பாய் அதை வாசித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. இரண்டாம் முறையும் வாசித்தார்.

"ஏ பிள்ள, அந்தத் தொறமொகத்துக்கு எழுத்துல ஆதாரம்தான கேட்டிருக்கான்? இத வச்சு அனுப்பு."

"இது என்னைய தள்ளுன உத்தரவுல்லா பாய்?"

"என்ன எழுதியிருக்குன்னு வாசி. ஆரு எழுதுனான்னு பாக்காத."

துறைமுகத்தில் நேர்காணல் நடத்தியவர் சரக்குத் திட்டப் பிரிவின் மேலாளர் தஸ்மியா. காயல்பட்டினத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அன்று மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பட்டதாரி. இன்னொருவன் பேச்சிராஜ், தங்க எழுத்துச் சான்றிதழோடு. மூன்றாவதாக ஆன்லின். தஸ்மியா அவளுடைய காகிதத்தை வாங்கி, உதடு அசைய வாசித்தார்.

"'எதிர்மனுதாரர் புள்ளிகளில் முதலிடம் பெற்றது மறுக்கப்படவில்லை. எனினும் அவர், கழகத்தால் அன்புடன் ஒதுக்கப்பட்ட ஒற்றைப் பாறையில், மரமோ மண்ணோ நன்னீரோ இல்லாத நிலையில், ஏழு நாடுகளின் சரக்குகளும் தன் துறை வழியாகவே போக வரும்படி செய்து, எந்தக் கப்பலும் காத்துக் கிடக்காதவாறு முறைப்படுத்தி, அதன்மூலம் சக போட்டியாளர்களின் மன அமைதியைக் குலைத்துள்ளார்...'"

காகிதத்தைக் கீழே வைத்தார். "இது புகாரா?"

"ஆமா மேடம்."

"மூணு முத்திரை வேற போட்டிருக்காங்க" என்று சொல்லி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மூன்று பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அன்று காலை துறைமுகத்தில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்த சிக்கல் அது. இரண்டு கப்பல் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. இரண்டு பாரந்தூக்கிகளில் ஒன்று பழுது. மழை. வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. என்ன செய்வீர்கள்?

ஆன்லின் பென்சிலை எடுத்தாள். தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. பாறையைவிட இது எவ்வளவோ வசதியான இடம். அழுகுகிற சரக்கு எது என்று முதலில் கோடு போட்டாள்.

பேச்சிராஜ் தாளைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"மேடம், இது எனக்குச் சரிவராது. வேற குடுங்க."

"வேறன்னா?"

"மழை இல்லாத நாளாப் பாத்து. ஒரு கப்பல் வந்தாப் போதும்."

"அத நாங்க குடுக்கல தம்பி. அதுவா வந்திருக்கு."

அவன் நம்பவில்லை. எழுந்து வெளியே போய் மாமாவுக்குப் போன் போட்டான்.

பகல் இரண்டு மணிக்கு ஆன்லின் வெளியே வந்தாள். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லி தஸ்மியா கையெழுத்துப் போட்ட தாள் கைப்பையில் இருந்தது. அவள் எழுதிக் கொடுத்த வரிசைப்படி லாரிகள் உள்ளே நகரத் தொடங்கியிருந்தன. மழையில் நனைந்தபடியே அம்மாவுக்குப் போன் செய்தாள். லூர்து மேரி "ஏட்டி, நெசமாவா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி அப்பாவைக் கூப்பிடும் சத்தம் மட்டும் வந்தது.

வாசலில் ஒரு கார் நின்றது. சங்கிலிபூதத்தான் குடைக்குள் இறங்கினார். குடை இசக்கிராஜா கையில். பின்னால் பேச்சிராஜ். தலைவர் நேரே வாயிற்காவலரிடம் போனார். அப்பால் கடல் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது.

"ஓய், பையனுக்கு மழையையும் ரெண்டு கப்பலையும் ஒண்ணாப் போட்டது யாரு? இந்தக் கடலுக்கு யாருவே பொறுப்பு?"

காவலர் பயந்துபோய்க் கடலைத் திரும்பிப் பார்த்தார். "தெரியலியே அண்ணாச்சி. நான் இந்தக் கேட்டுக்கு மட்டுந்தான்."

தலைவர் வெறுப்போடு தலையை ஆட்டிவிட்டுச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார். மழை மூன்று பேர் மீதும் நன்றாகவே விழுந்தது.

"எழுதும்" என்றார் தலைவர். "நேரம் இரண்டு பத்து. பொறுப்பு அலுவலர் இருக்கையில் இல்லை."